மேஸ்திரி பிரிக்காத சாரம்

ஆற்றின் தென்கரையில் ஒரு கஞ்சி மடம் இருந்தது. அதை நடத்தியவர் பெயர் சங்கரவடிவு. ஊரில் எல்லோருக்கும் அவர் மடத்து அம்மா. வழிப்போக்கர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார், கேள்வியோடு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வார். இரண்டில் கஞ்சிதான் கொஞ்சம் தேவலை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அவருடைய சீடர்களில் மூத்தவர் மாசிலாமணி மேஸ்திரி. வயது ஐம்பத்தாறு. குருவைவிடப் பத்து வயது பெரியவர். கல் வேலை, பால வேலை.

அவர் சீடரானதே ஒரு கூத்து. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சந்தையில் யாரோ, "மடத்து அம்மாகிட்டப் போனா எதுக்கும் சாரத்தைச் சொல்லிருவாங்க" என்று பேசிக்கொண்டார்கள். அது மேஸ்திரி காதில் விழுந்தது. நேரே மடத்துக்கு வந்து, எழுபதடிக் கோபுரத்துக்குச் சாரம் கட்ட எத்தனை மூங்கில் பிடிக்கும் என்று கேட்டார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்தச் சாரம் எனக்குத் தெரியாது மேஸ்திரி. இந்தச் சாரமும் அரைகுறைதான். கஞ்சி குடிச்சிட்டுப் போங்க."

மேஸ்திரி குடித்தார். மறுவாரமும் வந்தார். அப்படியே ஒட்டிக்கொண்டார்.

இப்போது அவர் கட்டிக்கொண்டிருந்தது ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கல் பாலம். ஒற்றை வளைவு. கரைக்குக் கரை கல்லை அடுக்கி, நடுவில் கடைசிக் கல்லை இறக்கியது மாசி மாதம். அதுவரை கல்லையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தது அடியில் இருந்த மரச்சாரம். சாரத்தின் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு ஜோடி ஆப்பு. ஆப்பைத் தட்டித் தளர்த்தினால் சாரம் இறங்கும், கல் தன் பலத்தில் நிற்கும். நிற்காவிட்டால், கீழே இருக்கிறவர்கள் கதி அதோகதி.

காரை இறுக ஒரு மண்டலம் போதும் என்று சொன்னவர் மேஸ்திரிதான். இரண்டு மண்டலம் போய்விட்டது. வைகாசியும் முடியப் போகிறது. ஆனியில் மலையில் மழை பிடித்துவிடும். வெள்ளம் சும்மா வராது, வேரோடு மரங்களை அடித்துக்கொண்டு வரும். அவை சாரத்தில் சிக்கினால் சாரமும் போகும், பாலமும் போகும். இது மேஸ்திரிக்குத் தெரியாதா? எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் சாரத்தைப் பிரிக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாளைக்கு என்பார். மறுநாளும் நாளைக்கு என்பார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஓடையில் சின்னதாக ஒரு வளைவு கட்டினார். நாற்பத்தெட்டாம் நாள் சாரத்தைப் பிரிக்கச் சொன்னார். கீழே நின்று பிரித்தவன் இசக்கிமுத்து, அவர் மனைவியின் தம்பி. வளைவு அவன்மேல் விழுந்தது. அதற்குப் பிறகு மனைவி அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் விடிந்ததும் மேஸ்திரி பாலத்துக்குப் போகாமல் மடத்துக்கு வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. அம்மா அப்போதுதான் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார்.

"கஞ்சிக்கு நேரமாகும்" என்றார் அம்மா.

"கஞ்சி வேண்டாம்மா."

"அப்போ கேள்வி. கேளுங்க."

மேஸ்திரி உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை வருஷமா வளைவு கட்டுதேன். என் அப்பாகிட்டக் கத்துக்கிட்டேன். அவரு அவரோட மாமன்கிட்டக் கத்துக்கிட்டாரு. எல்லாருக்கும் காட்டிக் குடுக்க ஒரு ஆள் இருந்துச்சு. முதமுதல்ல ஒருத்தன் வளைவு கட்டியிருப்பான்லா? அவனுக்கு யாரு சொன்னா? சாரத்தை எடுத்தா நிக்கும்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அம்மா அடுப்பை ஊதினார். புகை கண்ணில் அடித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"அவன் கட்டவே இல்ல."

"பிறகு?"

"ஒரு ஊர்ல ஒரு மாட்டுத் தொழுவம். கல்லும் மண்ணும் வச்ச சுவரு. வாசலுக்கு மேல குறுக்க ஒரு பனங்கட்டை, அதுக்கு மேல கல்லு. கட்டைக்குள்ள கரையான் புகுந்திருக்கு. வருஷக்கணக்காத் தின்னுருக்கு. வெளியில தோலு மட்டும் மிச்சம். யாருக்கும் தெரியல. மாடும் போகுது, வருது. மனுஷனும் போறான், வாறான். ஒருநாள் மாட்டுக்காரன் அரிவாளைச் சொருகக் கட்டையில கை வச்சான். கட்டை மாவாக் கொட்டிருச்சு."

"கல்லு?"

"கல்லு அங்கனயே இருந்துச்சு. ஒண்ணு ஒண்ணு மேல சாஞ்சுக்கிட்டு, ஒண்ணை ஒண்ணு விழ விடாம."

"அவன் என்ன செஞ்சான்?"

"என்ன செய்வான்? மாட்டை விட்டுட்டு ஓடிட்டான். மூணு நாள் கழிச்சு வந்து எட்டிப் பார்த்தான். அன்னைக்குத்தான் வளைவு பிறந்துச்சு."

மேஸ்திரி தூணிலிருந்து கையை எடுத்தார்.

"இது நடந்ததாம்மா?"

"எனக்கு என்ன தெரியும்? நான் கஞ்சி காய்ச்சுறவ."

மேஸ்திரிக்குக் கோபம் வந்தது. அதைக் காட்டுவதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. கதை விழுந்தா யாரும் சாக மாட்டாங்க."

அம்மா அவர் முகத்தையே பார்த்தார். இந்த மாதிரி பதிலுக்குக் கோபித்துக்கொள்ளும் குருமார்கள் உண்டு. அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவ்வளவு ரோஷமும் இல்லை.

"அதுவும் சரிதான்" என்று விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார். "நடங்க. பாப்போம்."

ஆற்றில் பேருக்குத்தான் தண்ணீர் ஓடியது, மீதியெல்லாம் மணல். போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. இரண்டு பேரும் மெல்லத்தான் நடந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, மேஸ்திரிக்குத் தூக்கம் போய் மூன்று மாதம்.

பாலத்துக்கு அடியில் சாரமா அது, காடு. முதலில் கட்டிய கால்கள் நாற்பது. பயத்தில் மேஸ்திரி சேர்த்தவை அறுபதுக்கு மேல். ஆள் நுழைந்து போகப் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். தச்சு வேலை பார்த்த பிரமநாயகம் ஆசாரி ஓரமாக மணலில் குந்தி இருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. முட்டுக்கு முட்டுக் குடுத்து, இப்போ அந்த முட்டுக்கும் முட்டுக் குடுத்தாச்சு. இந்தப் பக்கத்துல வெட்ட இனிமே மரம் இல்ல. ஆளுங்களும் பாதிப் பேரு போயிட்டாங்க. கைவேலை முடிஞ்சும் வீட்டுக்குப் போக முடியாம நான் ஒருத்தன் கிடக்கேன்."

"போகணும்னா போங்க ஆசாரி" என்றார் மேஸ்திரி.

"உங்களை இப்படி விட்டுட்டா?"

அம்மா மெல்ல நடந்து சாரத்துக்குள் நுழைந்தார். நடுவில், வளைவின் உச்சிக்கு நேர் கீழே, ஒரு கல் கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தார்.

"அம்மா! அங்க உக்காராதீங்க!"

"வெயில் மண்டையைப் பொளக்குது மேஸ்திரி. இந்த ஆத்துல வேற எங்க நிழல் இருக்கு?"

"விழுந்துருச்சுன்னா?"

"கால் வலிக்குது. கொஞ்ச நேரம் உக்காந்துக்கிடுதேன்."

வீரத்துக்காக அவர் அங்கே உட்காரவில்லை. உண்மையாகவே கால் வலிதான். ஆனால் மேஸ்திரியால் வெளியே நிற்க முடியவில்லை. ஓரத்தில் கிடந்த கொட்டாப்புளியை, ஆப்பு அடிக்கும் அந்த மரச்சுத்தியலை, எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த காலின் அடியில் குனிந்து, ஆப்பைக் கையால் அசைத்துப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது.

"என்ன?" என்றார் அம்மா.

"ஆப்பு ஆடுது."

"ஆடக் கூடாதா?"

"இறுக்கமா இருக்கணும்மா. அப்பத்தான மரம் கல்லைத் தாங்கும்? எந்திரிங்க, வெளிய போங்க. நான் இதை அடிச்சு இறுக்கிட்டு வாறேன்."

அம்மா எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்குத்தான் ஆடுதா?"

"தினமும் ஆடுது." மேஸ்திரி ஆப்பின்மேல் கையை வைத்துக்கொண்டார். "அதைத்தான் யாருகிட்டயும் சொல்லல. நேத்து அடிச்சு இறுக்கினது இன்னைக்கு விடிஞ்சா இளகிக் கிடக்கு. மரம் தாங்க மாட்டேங்குதும்மா. நானும் காலுக்குமேல காலா வச்சுப் பாத்துட்டேன். மூணு மாசமா இதே பொழைப்பு. ஓஞ்சுபோயிட்டேன். இதை நான் எப்படிப் பிரிக்கச் சொல்லுவேன்? இன்னொரு வீட்டுல போயி, இன்னொரு பொம்பளை முன்னால நான் எப்படி நிப்பேன்?"

சொல்லிவிட்டு மேஸ்திரி அழுதார். ஆசாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அழட்டும் என்று அம்மா விட்டுவிட்டார். அழுகை ஓய்ந்ததும் கேட்டார்.

"ஓடையில கட்டினீங்களே, அங்கயும் ஆப்பு இப்படித்தான் இளகிக் கிடந்துச்சா?"

"இல்லம்மா. அங்க அப்படியே கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு. சம்மட்டியால அடிச்சுத்தான் உருவினோம். இசக்கிமுத்து ஏழெட்டு அடி அடிச்சான். மரம் அவ்வளவு நல்லாத் தாங்குதேன்னு நான் சந்தோஷப்பட்டேன்."

"ஓ" என்றார் அம்மா. அவர் குரல் தணிந்துவிட்டது.

"அது ஏம்மா விழுந்துச்சு?"

அம்மா மேஸ்திரியின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு ஆசாரியைக் கூப்பிட்டார்.

"ஆசாரி, இங்க ஒரு ஆப்புதான் ஆடுதா?"

ஆசாரி ஒவ்வொரு காலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை போய்விட்டுத் திரும்பி வந்தார். கையில் ஓர் ஆப்பு இருந்தது.

"எல்லாமே ஆடுதும்மா. இது கையோட வந்துருச்சு. பச்சை மரம், வெயில்ல காயக் காயச் சுருங்குது. ஒரு காலும் மேல முட்டவே இல்ல, நகம் போற இடைவெளி இருக்கு."

"ஐயோ!" மேஸ்திரி அடுத்த ஆப்பை நோக்கிக் கொட்டாப்புளியை ஓங்கினார்.

"மேஸ்திரி."

கை நின்றது.

"இன்னைக்கு நீங்க இன்னும் ஒண்ணையும் இறுக்கல. நேரா எங்கிட்ட வந்துட்டீங்க."

"ஆமா."

"அப்போ, இந்நேரம் நம்ம மூணு பேரு தலைக்கு மேல கல்லைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது யாரு?"

மாசிலாமணி மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். ஓங்கிய கை மெல்ல இறங்கியது. கொட்டாப்புளியை மணலில் வைத்தார்.