தவசியாண்டி எடைக்கு ஒரு வண்டி

எலந்தைமேட்டுக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இருக்கிறது. தேய்ந்துவிடுமே என்று எடுத்துப் புழங்குவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்ப் புளி வியாபாரி தவசியாண்டிக்கு வயது அறுபத்து மூன்று. எடை நூற்றுப் பதினேழு கிலோ. தங்கை புருஷன் வீரணனோடு அவருக்கு எட்டு வருஷமாகப் பேச்சு கிடையாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நின்றார் தவசியாண்டி. வீரணன் மோட்டார் சைக்கிளில் வந்தான். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறப்போனார். அவன் சொன்னான்: "மச்சான், ஷாக் அப்சர்பர் இப்பத்தான் மாத்துனேன். பின்னால மினி லாரி வருது, அதுல ஏறிக்கங்க."

மினி லாரியில் பந்திப் பாத்திரங்களும் இரண்டு ஆடுகளும் இருந்தன. ஆடுகள் நகர்ந்து இடம் கொடுத்தன. வீரணன் கொடுக்கவில்லை. எட்டு வருஷம் என்பது ஒரு கோபத்துக்குப் பெரிய வயசில்லை. நல்ல கோபம் ஊறவே ஆறு வருஷம் பிடிக்கும்.

இந்த நேரத்தில் தங்கை சிலம்பாயி வெற்றிலை பாக்கோடு வந்து நின்றாள். பதினாறு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே பெண் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அய்யனார் கோயிலில் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும்.

"நீ வரலைன்னா பெரியப்பா மகன் மடியில உக்கார வச்சிருவேன்னு சொல்றாருண்ணே. நீ எதுல வருவேன்னும் கேட்டாரு. மினி லாரி அனுப்பணுமான்னு."

தவசியாண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த அதிரசத்தைக் கீழே வைத்தார். அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"என் சொந்த மோட்டார் சைக்கிள்ல வருவேன். மடி என் மடிதான். எட்டு வருஷம் முன்னால சொன்னதுக்கு உன் புருஷன் எல்லார் முன்னாடியும் என் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கணும். அதுவரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

சொந்த மோட்டார் சைக்கிள் அவரிடம் இல்லை. அன்று வெள்ளிக்கிழமை.

அவருக்கு மூன்று சிநேகிதர்கள். யோசனை சொல்வதற்கு சன்னாசி. அதை ஆமோதிப்பதற்கு மொக்கைச்சாமி. செய்வதற்கு ஒச்சப்பன். ஒச்சப்பன் முருங்கைக்காய் மாதிரி இருப்பார். பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஆளைத் தேட வேண்டும். மூவரும் மெக்கானிக் ஜமால் பாயிடம் போனார்கள்.

ஜமால் பாய் நல்ல மனிதர். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "பழைய வண்டி, வயசானவரு, கனத்த உடம்பு. நாலு விஷயம் பாருங்க. ஒண்ணு, அவரு எடையை ஏத்தி ஓட்டிப் பாக்காம வாங்காதீங்க. ரெண்டு, உக்காந்தா ரெண்டு காலும் தரையில பதியணும். மூணு, கிக்கரை உதைக்க விட்டா முட்டி போயிரும். தானா ஸ்டார்ட் ஆகுற வண்டியா எடுங்க. நாலு, விவரம் தெரிஞ்ச ஆள் யாரையாவது கூட்டிட்டுப் போங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலாவது விஷயம் ஏற்கெனவே முடிந்துவிட்டதில் அவர்களுக்குத் திருப்தி.

முதல் விஷயத்தில்தான் சிக்கல். பழைய வண்டிக் கடை வீரணனுடைய மாவு மில்லுக்கு நேர் எதிரே இருந்தது. "நான் அங்க வந்து ஏறி இறங்கினா அவன் பாத்துருவான். நீங்களே போங்க. ஆனா என் எடையில ஒரு கிராம் குறையக் கூடாது. எது எப்படிப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வண்டி கோயில் வாசல்ல நிக்கணும்" என்றார் தவசியாண்டி.

"அண்ணன் வர மாட்டாரு. எடை மட்டும் வரணும்" என்றார் சன்னாசி. "அப்ப எடையைத் தனியாத்தான் எடுக்கணும்."

"எடுத்துருவோம்" என்றார் மொக்கைச்சாமி.

புளி நிறுக்கும் பெரிய தராசை இறக்கினார்கள். உடனே ஒரு கேள்வி வந்தது.

"சாப்பிட்ட எடையா, சாப்பிடாத எடையா?" என்றார் ஒச்சப்பன். "காது குத்துக்குப் போகும்போது வெறும் வயித்தோட போவாரு. வரும்போது கறிச்சோறு. மூணு கிலோ கூடும்."

"போறதுக்கு ஒரு வண்டி, வாரதுக்கு ஒரு வண்டியா வாங்க முடியும்?"

சன்னாசி கண்ணை மூடி யோசித்தார். "பாதிச் சாப்பாட்டுல நிறுத்துருவோம்."

தவசியாண்டியை மத்தியானம் சாப்பிட உட்காரவைத்து, சாம்பார் முடிந்து ரசத்துக்குக் கை நீட்டும்போது எழுப்பித் தராசில் உட்காரவைத்தார்கள். எதிர்த்தட்டில் அரிசி போட்டார்கள். அரிசியையும் சும்மா வாங்கிவிடவில்லை. கடைக்காரர் புது அரிசியை அள்ளியதும் மொக்கைச்சாமி கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டுறவரு வயசானவரு. பழைய அரிசியாப் போடுங்க."

"எவ்வளவு பழசு வேணும்?"

"அறுபத்து மூணு வருஷம்."

கடைக்காரர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே மூத்தது இரண்டு வருஷ அரிசிதான் என்றார். சரி, கொஞ்சம் இளமையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாங்கிக்கொண்டார்கள்.

நிறுத்த அரிசியை அடைக்க, உடம்புக்கு ஒரு பெரிய சாக்கு. கால்களுக்கு இரண்டு நீளப் பைகள். மேலே தவசியாண்டியின் சட்டை, வேட்டி. தலைக்கு ஒரு பூசணிக்காய். ஹெல்மெட் இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும் என்பதால் அதற்கு ஒரு கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட்டும் மாட்டினார்கள். தள்ளி நின்று பார்த்தபோது தவசியாண்டிக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "நான் இவ்வளவு கம்பீரமாவா இருக்கேன்?" என்றார்.

சனிக்கிழமை காலையில் மூட்டையைக் கடையில் இறக்கினார்கள். கடைக்காரர் ராயப்பன் முப்பது வருஷமாக எத்தனையோ வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். ஒன்றும் கேட்காமல் மூட்டைக்கும் சேர்த்து நாலு டீ சொன்னார்.

முதல் வண்டியில் மூட்டையை ஏற்றியதும் பின்சக்கரம் மட்கார்டோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது வண்டி உயரம். மூட்டையின் கால்கள் அந்தரத்தில் தொங்கின.

"பதியலை" என்றார் சன்னாசி.

"அண்ணே, அது காலை ஊன்றாதுண்ணே, அது அரிசி" என்றார் ராயப்பன்.

"அரிசியைக் குறை சொல்லாதீங்க. உங்க வண்டி உயரம்."

மூன்றாவதற்கு ராயப்பன் பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்து காட்டினார். மூவரும் தலையை ஆட்டி மறுத்தார்கள். "நீங்க அமுக்குனீங்க. தானா ஸ்டார்ட் ஆகட்டும்." வண்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பதினொன்றரை மணி வரைக்கும் அது தானாக ஸ்டார்ட் ஆகவில்லை. "வண்டிக்குப் பிடிக்கலை போல. கட்டாயப்படுத்தக் கூடாது" என்று மொக்கைச்சாமி எழுந்தார்.

அந்த நேரம் யாரோ ஒருவர் பழைய புல்லட் ஒன்றை விற்பதற்காகக் கொண்டுவந்து, ஓடவிட்டபடியே நிறுத்திவிட்டு உள்ளே போனார். ஆள் இல்லை. யாரும் தொடவில்லை. வண்டி தன் போக்கில் டப் டப் என்று ஓடிக்கொண்டிருந்தது.

மூவருக்கும் உடம்பு சிலிர்த்தது.

மூட்டையை ஏற்றினார்கள். சீட் தாழ்வு, கால் இரண்டும் பதிந்தன. மூட்டைக்குப் பின்னால் ஒச்சப்பன் ஏறி, சட்டையின் கைகளுக்குள் தன் கைகளை விட்டு ஹேண்டிலைப் பிடித்தார். மூட்டையின் தோளுக்கு மேலே பூனை மாதிரி இரண்டு கண் மட்டும் தெரிந்தது. கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். மாவு மில் வாசலில் நின்ற வீரணன் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தான்.

வாங்கிவிட்டார்கள். ஆனால் அணைக்கவில்லை. "அணைச்சா மறுபடி தானா ஸ்டார்ட் ஆகுமோ என்னமோ, முகூர்த்த நேரத்துல எதுக்கு வம்பு" என்றார் சன்னாசி. சனிக்கிழமை முழுக்க வண்டி தவசியாண்டி வாசலில் ஓடிக்கொண்டே நின்றது. ஒச்சப்பன் நேரம் தவறாமல், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதுபோல, பெட்ரோல் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டேகால் மணி. வண்டி மேல் மூட்டை உட்கார்ந்திருந்தது. எடை பழக வேண்டும் என்று அதை யாரும் இறக்கவே இல்லை. உள்ளே தவசியாண்டி பட்டு வேட்டியோடு போராடிக்கொண்டிருந்தார். பட்டு வேட்டி அவருடைய கல்யாணத்தில் எடுத்தது. அப்போது அவர் அறுபது கிலோ.

"மணி எட்டரை ஆயிருச்சு" என்றார் மொக்கைச்சாமி.

"கேன்ல பெட்ரோலும் தீந்துபோச்சு. அண்ணன் வேட்டி கட்டி முடிக்கிறதுக்குள்ள வண்டி நின்னுரும்" என்றார் ஒச்சப்பன்.

சன்னாசி கண்ணை மூடினார். "அண்ணன் என்ன சொன்னாரு? எது எப்படிப் போனாலும் ஒன்பது மணிக்கு வண்டி கோயில் வாசல்ல நிக்கணும். எடையில ஒரு கிராம் குறையக் கூடாது. எடை வண்டியில இருக்கு. வேற என்ன வேணும்?"

வேறு என்ன வேண்டும் என்று மூவரும் யோசித்துப் பார்த்தார்கள். எதுவும் தோன்றவில்லை. புறப்பட்டார்கள். ஒச்சப்பன் மூட்டைக்குப் பின்னால். மற்ற இருவரும் சீர்த்தட்டோடு சன்னாசியின் மொபெட்டில்.

ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது புல்லட் அய்யனார் கோயில் வாசலில் வந்து நின்றது. கூட்டம் எழுந்துவிட்டது. "வந்துட்டாருப்பா தாய்மாமன்" என்றார்கள். சிலம்பாயிக்குக் கண் கலங்கியது.

சன்னாசியும் மொக்கைச்சாமியும் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். முட்டி வலி போல என்று ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். ஜமுக்காளத்தில் தூணில் சாய்த்து உட்காரவைத்தாயிற்று. மூட்டை சாய்ந்து சட்டைக் கையை அழுத்தியதால் ஒச்சப்பனால் கையை உருவ முடியவில்லை. மூட்டைக்கும் தூணுக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்துகொண்டார். ஆள் இருப்பதே வெளியே தெரியவில்லை.

"ஹெல்மெட்டைக் கழட்ட மாட்டேங்குறாரே" என்றார் ஒரு பெரியவர்.

"கோவம் இன்னும் இறங்கலை" என்றார் இன்னொருவர்.

குழந்தையை மடியில் வைத்தார்கள். மெத்தென்ற மடி. ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தார். பிள்ளை அழவே இல்லை. பூசாரி ஆயுசு முழுக்க இப்படி ஒரு மடியைப் பார்த்ததில்லை என்றார். பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லுங்கள் என்று மூன்று தடவை கேட்டும் தாய்மாமன் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மௌனம்தான் வீரணனை உலுக்கிவிட்டது. கூட்டத்துக்கு நடுவே வந்து, முட்டி போட்டு, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், அன்னைக்கு நான் சொன்னது தப்புதான். எட்டு வருஷமா அந்த வார்த்தை என் தொண்டையிலயே நிக்கிது. எல்லார் முன்னாடியும் கேக்குறேன், மன்னிச்சிருங்க." பிறகு பிடித்த கையைப் பார்த்தான். "ஐயோ, கை மட்டும் இப்படி வத்திப் போச்சே மச்சான்."

"எங்கண்ணனுக்கு சுகர் இருக்குன்னு யாருமே சொல்லலையே" என்று சிலம்பாயி வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கைகள் லேசாக நடுங்கின. ஒச்சப்பனுக்கு மூச்சு முட்டியதால் அப்படி. மன்னித்துவிட்டார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

பந்தி நடக்கும்போது ஒரு மினி லாரி வந்து நின்றது. அதிலிருந்து, பட்டு வேட்டியைப் பெல்ட் போட்டு இறுக்கியபடி, தவசியாண்டி இறங்கினார். கூடவே மூன்று ஆடுகள்.

நடந்ததைச் சொன்னார்கள். அவர் ஜமுக்காளத்துக்குப் போனார். மூட்டைக்கு முன்னால் வாழையிலை போட்டுக் கறி வைத்திருந்தது. நாலாவது எலும்பை ஒச்சப்பனின் கை எடுத்துக்கொண்டிருந்தது.

தவசியாண்டி வீரணனிடம் வந்தார். "மாப்ளே, அதை எங்கிட்ட ஒரு தடவை சொல்லு."

"எதை மச்சான்?"

"மன்னிப்பை."

வீரணன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். "எட்டு வருஷமா சேத்து வச்சிருந்தது மச்சான். மொத்தத்தையும் அங்க கொட்டிட்டேன். இப்ப உள்ள ஒண்ணுமே இல்ல."

"அது மூட்டைடா."

"இருக்கட்டும் மச்சான். குறுக்க ஒரு வார்த்தை பேசாம கேட்டுச்சு."

அன்று சாயங்காலம் மூட்டை புல்லட்டில் ஊர் திரும்பியது. தவசியாண்டி மினி லாரியில் திரும்பினார். அது உட்கார்ந்த சீட்டில் நான் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மூட்டையும் வண்டியும் சன்னாசி வீட்டில் தங்கின. வீரணனோடு இருந்த வருத்தம் தீர்ந்துபோனது. சும்மா இருந்த கோபத்துக்கு வேறு வேலை வேண்டும். தவசியாண்டி மூட்டையோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். சன்னாசி வீட்டு வழியாகப் போக நேர்ந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் போனது. சிநேகிதர்கள் மூவரும் முகம் வாடி வந்து நின்றார்கள்.

"அண்ணே, மூட்டையைத் தராசுல வச்சுப் பாத்தோம். நாலு கிலோ குறைஞ்சிருக்கு" என்றார் சன்னாசி. "உங்க கோவத்தை நினைச்சே இளைச்சுப் போச்சு."

சன்னாசி வீட்டில் அந்த மாதம் எலிகள் மட்டும் நல்ல ஆரோக்கியமாக இருந்தன.

"நாலு கிலோவா?" என்றார் தவசியாண்டி. எட்டு வருஷத்தில் வீரணன் அரைக் கிலோ குறைந்தவனில்லை.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சன்னாசி வீட்டுக்கு நடந்தார். மூட்டை ஹெல்மெட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. எதிரே உட்கார்ந்தார். அது பேசட்டும் என்று காத்திருந்தார். அது பேசவில்லை. வாசலில் புல்லட் மட்டும் டப் டப் என்று ஓடிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைவிட வீம்பான ஓர் ஆளுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார்.

சன்னாசி அவர் காதருகே குனிந்தார். "அண்ணே, வயசுல மூத்தவங்கதான் முதல்ல பேசணும்."

"அதுக்கு என்ன வயசு?"

"ரெண்டு வருஷப் பழசுண்ணே."

தவசியாண்டி இரண்டு பேர் வயதையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டார்:

"சாப்பிட்டியாப்பா?"