துண்டு போட்ட ஓவன்

கத்தாதீங்க ஃபிலோ அக்கா. நான் திறக்கல. இன்னொரு வாட்டி சொல்றேன், உங்க கேக் வேகும்போது ஓவன் கதவ நான் தொடவே இல்ல.

உங்க மக சர்ச்சுல புதுநன்மை வாங்குற விழாவுக்கு நீங்க செஞ்ச கேக் நடுவுல குழி விழுந்துச்சு. வேகுறப்ப கதவத் திறந்தா அப்படி ஆகும், எனக்கும் தெரியும். வருத்தந்தான். அதுக்காக என்னைத் திருடி மாதிரி பேசுவீங்களா? "ஜரினாவ வகுப்ப விட்டு அனுப்புங்க, இல்லன்னா நான் வரமாட்டேன்"னு குரூப்ல வாய்ஸ் மெசேஜ் வேற. "நான் மாவ அடிச்சு வச்சிட்டு அரை மணி நேரமா இவ கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், இவ பிஸ்கட்டுக்கே மூணு தடவ திறந்தா"ன்னு சாட்சி வேற. அது என் பிஸ்கட், நான் திறந்தேன். உங்க கேக் உள்ள போனப்புறம் தொட்டேனா?

இன்னைக்கு நீங்க கேக் வகுப்புக்கு வரல. நான் போனேன். போன வேகத்துல பெனிலா மிஸ்கிட்ட கேட்டேன்.

"மிஸ், நேத்து கதவத் திறந்தது யாரு? இப்பவே சொல்லுங்க."

என்னவிட பதினாலு வயசு சின்னது அந்த மிஸ். ஆனா கேட்டதுக்குப் பதில் சொல்ற ஆளா அது? "கப் கேக்குக்கு மாவு கலங்க"ன்னாங்க.

கலந்தோம். நான், ரோஸ்லின், வடிவு, மைதிலி, நாலு பேரு. ட்ரேய மிஸ்ஸே உள்ள வச்சாங்க. டைமர இருபத்தஞ்சுக்குத் திருப்பினாங்க. அப்புறம் ஒரு பெரிய துண்ட எடுத்து, கண்ணாடியெல்லாம் மறையற மாதிரி ஓவன் மேல போட்டாங்க.

"மணி அடிக்கிற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது."

அவ்ளோதான். ஜன்னல் பக்கம் உக்காந்து பாதாம் தோல் உரிக்க ஆரம்பிச்சிட்டாங்க.

டைமர் டிக் டிக்னு ஓடுது. நான் ரெண்டு கையயும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டேன். இன்னைக்கும் எவளாவது ஒண்ணு சொல்லிட்டா?

"என்னடி, போலீஸ் புடிச்சவ மாதிரி நிக்கிற?"ன்னா ரோஸ்லின்.

"நீ மொதல்ல ஓவன விட்டுத் தள்ளி நில்லு."

வடிவு கையத் தூக்கினா. மூணு பேரும் சட்டுனு திரும்பினோம்.

"அடி போங்கடி, மூக்கு அரிக்குது!"

டிங்.

மிஸ் துண்ட எடுத்தாங்க. கதவத் திறந்தாங்க.

பச்ச மாவு. ஊத்தினது ஊத்தினபடி இருக்கு.

எனக்கு ஒண்ணும் புரியல. மிஸ் கைய நீட்டிக் காட்டினாங்க. ஓவன் ஒயரு சுருட்டினபடி மேசை மேலயே கெடக்கு. பிளக்க மாட்டவே இல்ல. எங்க கண்ணுக்கு நேரா, இருபத்தஞ்சு நிமிஷமா அங்கதான் கெடந்திருக்கு.

மைதிலி தலையில கைய வச்சிக்கிட்டா.

"டைமர் ஓடுச்சே மிஸ்!"

"அதத் திருகி விட்டா தானா ஓடும். கரண்ட் வேணாம்."

"ஏமாத்திட்டீங்க!" நான் கத்தியே விட்டேன்.

"ஆமா. வாசன வந்துச்சா ஜரினாக்கா?"

இப்பத்தான் மூக்க உறிஞ்சிப் பாத்தேன். பச்ச மாவு வாசனதான்.

"சூடா இருக்குற ஓவன் மேல யாராவது துண்டு போடுவாங்களா?"

விடுவேனா நான்?

"அதெல்லாம் சரி மிஸ். நேத்து திறந்தது யாருன்னு நீங்க இன்னும் சொல்லல."

மிஸ் போன எடுத்தாங்க. உங்க வாய்ஸ் மெசேஜப் போட்டாங்க. "அரை மணி நேரமா"ன்னு நீங்க சொல்றீங்கல்ல, அந்த எடத்துல நிறுத்தினாங்க.

"முட்டைய நுரை பொங்க அடிச்ச மாவு, அவ்ளோ நேரமும் எங்க இருந்துச்சு?"

மேசையில. நேத்து நாங்க எல்லாரும் பாத்தோம். நுரை அடங்குறதுக்குள்ள உள்ள வச்சிடணும், இல்லன்னா நடுவுல குழி விழும்னு மொத நாளே நோட்டுல எழுதிக்கிட்டோம், நீங்களுந்தான் எழுதினீங்க. மிஸ் திரும்பிப் போய் பாதாம எடுத்துக்கிட்டாங்க.

நானும் இன்னைக்கு அவளுங்க கையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். ஒத்துக்கறேன். இந்தா, குரூப்லயே சொல்லிட்டேன்.

இப்ப நீங்க சொல்லுங்க ஃபிலோ அக்கா. எனக்குத் தனியா போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன். மிஸ் கேட்டதுக்கு இங்க, எல்லார் காதுலயும் விழுற மாதிரி பதில் சொல்லுங்க.