இரட்டையரில் மூத்தவர்

கும்பினிப் படை பாளையங்களை மிரட்டிக்கொண்டிருந்த காலத்தில், கரிசல் சீமையில் லிங்கம நாயக்கர் என்றொரு பாளையக்காரர் இருந்தார். அவரும் தம்பி பொம்மையரும் இரட்டைப் பிள்ளைகள். முதலில் பிறந்தவர் என்பதால் பட்டம் லிங்கமருக்கு வந்தது.

ஒருநாள் கைம்பெண் முத்துக்கருப்பியின் வழக்கு சபைக்கு வந்தது. சாகும்போது புருஷன் அவளுக்கென்று சொல்லிவிட்டுப் போன கிணற்றுத் தோட்டத்தைக் கொழுந்தன் பிடுங்கிக்கொண்டான். தோட்டம் போனால் அவள் கைக்குழந்தையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். புருஷன் சொன்னதைக் கேட்டவள், பிரசவம் பார்க்க வந்திருந்த மருத்துவச்சி உடையாள் மட்டுமே.

உடையாள் வாய் திறக்குமுன் நாயக்கர் மீசையை நீவினார். “பொம்பளை சாட்சி என் சபையில செல்லாது. போ, போய்ப் பிள்ளைக்கு மருந்து அரை.”

சபை சிரித்தது. உடையாளும் சேர்ந்து சிரித்தாள்.

“போறேன் சாமி. ஆனா அந்த ஆசனத்துல கொஞ்சம் தள்ளி உட்காருங்க. தம்பிக்கும் எடம் வேணுமில்ல?”

“என்னடி உளறுறே?”

“உங்க தாயாரு பேறுகாலத்துல அந்த அறைக்குள்ள ஆம்பளை யாரும் இல்ல சாமி. நீங்கதான் மூத்தவுகன்னு வெளியே வந்து சொன்னவ நான். அதுவும் பொம்பளை சாட்சிதானே?”

பொம்மையர் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு, அண்ணனின் ஆசனத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

நாயக்கர் மீசையிலிருந்து கையை எடுத்தார். உடையாளைச் சொல்லவிட்டுக் கேட்டார். தோட்டம் முத்துக்கருப்பிக்கே என்று தீர்ப்பானது. பெண் சாட்சி இனிமேல் செல்லும் என்று ஊரெங்கும் தமுக்கடிக்கவும் உத்தரவு போட்டார்.

சபை கலைந்ததும் உடையாளை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். “நெசமாவே முதல்ல பொறந்தது நான்தானே, ஆத்தா?”

“எங்க சாட்சி செல்லுற வரைக்கும் நீங்கதான் சாமி” என்றாள் உடையாள்.