தூக்க மாத்திரைக்கு ஒரு கையெழுத்து

சேர்மன் மாசிலாமணி மருந்துக்கடைக்கு வந்தால் அவர் செருப்புகூட அதட்டும்.

"ஏம்மா, தூக்க மாத்திரை ஒரு அட்டை கொடு. டாக்டர் சீட்டெல்லாம் கேட்டே, நாளைக்கு உனக்கு இங்க வேலை இருக்காது!"

கொடுத்தால் கடைக்கு லைசென்ஸ் போகும், மறுத்தால் கடையில் மருந்து எடுத்துக்கொடுக்கும் பொற்கொடிக்கு வேலை போகும். அவள் சிரித்துக்கொண்டே மருந்து விற்றதை எழுதும் பெரிய பதிவு நோட்டை விரித்தாள்.

"தர்றேங்கய்யா. இதுல எழுதிக்கொடுத்த டாக்டர் பேரு போடணும். மாத்திரையை முடிவு பண்ணது நீங்கதானே? 'டாக்டர் மாசிலாமணி'ன்னு எழுதிட்டேன். கையெழுத்துப் போடுங்க. மருந்து இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா உங்ககிட்டயே அனுப்பிடறேன்."

பேனா வாங்க நீட்டிய கையைச் சேர்மன் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பின்னால் மருந்து வாங்க நின்ற மூக்காயி காலை நீட்டினாள்.

"டாக்டரய்யா, அப்படியே என் முட்டி வீக்கத்தையும் பாத்துடுங்க!"

கடையே சிரித்தது. சேர்மன் சீட்டு வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். பொற்கொடி வேலையிலேயே இருந்தாள். அவளைத் தூக்கினால், எதற்கென்று ஊர் கேட்குமே!