ஆறு தடவ வாசல் வரைக்கும்

“உங்க இங்கிலீஷக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டுங்க மிஸ்!”

மாடிப்படி ஏறி வந்த மூச்சே இன்னும் அடங்கல அமலோற்பவத்துக்கு. கீழ ஜெராக்ஸ் கடையில நின்னவங்க எல்லாம் அண்ணாந்து பாத்தாங்க. பாக்கட்டுமே.

தௌலத் மிஸ் போர்டு அழிச்சுக்கிட்டிருந்தா. அவளுக்கு வயசு இருபத்தாறு. அமலோற்பவத்துக்கு நாப்பத்தஞ்சு. இருந்தாலும் படிக்க வந்த எடத்துல அவதான் மிஸ், இவதான் அக்கா.

“இன்டர்வியூ என்னாச்சுக்கா?”

“ஊத்திக்கிச்சு.”

மிஸ் டஸ்டரக் கீழ வெச்சா.

அயர்லாந்துல வயசானவங்க இல்லம் ஒண்ணு. அங்க நர்ஸ் வேலை. இன்டர்வியூவுக்குக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து இங்கிலீஷ்ல பேசணும். நாப்பத்தஞ்சு தாண்டினா எடுக்க மாட்டாங்க. அடுத்த மாசம் அவளுக்கு நாப்பத்தாறு. கூட நர்ஸிங் படிச்ச பதினோரு பேரும் எப்பவோ பறந்தாச்சு. இவளுக்கு மட்டும் இருபது வருஷமா அதே வார்டு, அதே ஃபினாயில் வாசன.

“கேள்வி புரியலயா?”

“கேள்வியா? பச்சப்புள்ளயக் கேக்குற கேள்வி. உங்களால மறக்க முடியாத ஒரு நோயாளியப் பத்திச் சொல்லுங்கன்னாங்க. அவ்ளோதான்.”

“சொன்னீங்களா?”

“எங்க சொல்ல? ‘டூ சில்ட்ரன்ஸ்’னு வாயில வந்துடுச்சு. சில்ட்ரன்னாலே நெறைய புள்ளைங்கதான், அதுக்குப் பின்னால ஒரு ‘ஸ்’ எதுக்குன்னு நீங்கதானே மூணு மாசமா உயிர வாங்குனீங்க? ஒடனே மொதல்லேருந்து ஆரம்பிச்சேன்.”

தௌலத் மிஸ் கிளாஸுல அதான் வழக்கம். யாரு தப்பாப் பேசினாலும் திட்ட மாட்டா. வெரலால மேசையில ஒரே ஒரு தட்டு. பேசுறவங்க மொத வார்த்தையிலேருந்து திரும்ப வரணும். அமலோற்பவம் அதுல கெட்டிக்காரி. வீட்டுல தட்ட ஆளில்லன்னா, தோச திருப்பிக்கிட்டே தானே தட்டிக்குவா.

“ரெண்டாவது தடவ, ‘வந்தா’ங்குறதுக்கு ‘கேம்’ சொல்ல வேண்டிய எடத்துல ‘கம்’. திரும்ப மொதல்லேருந்து. ஆறு தடவ மிஸ்! ஆறு தடவயும் அந்த நோயாளிப் பொம்பளைய ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டாந்தேன். உள்ள கொண்டுபோகல. அதுக்குள்ள நேரமாச்சுன்னு அந்த வெள்ளக்காரம்மா தேங்க் யூ சொல்லிட்டாங்க. பாவம் பாத்துச் சிரிச்சாங்க வேற.”

“மறுபடி கேட்டுப் பாக்கலாமாக்கா? நான் வேணும்னா ஒரு மெயில்...”

“கேட்டாச்சு. ஒருத்தருக்கு ஒரு தடவதானாம்.”

மிஸ் மேசைக்குப் பின்னால நாற்காலியில உக்காந்தா.

“இப்ப மட்டும் என்ன ஊமையாயிட்டீங்க? தட்டுங்களேன்!”

மிஸ் தட்டல. மேசைக்குப் பின்னாலேருந்து எந்திரிச்சு வந்து, படிக்கிறவங்க பெஞ்சுல இருந்த அமலோற்பவம் பக்கத்துலயே உக்காந்தா.

“யாருக்கா அந்தப் பொம்பள?”

“இனிமே அது எதுக்கு? அதான் போச்சே.”

“எனக்குச் சொல்லுங்க.”

“தமிழ்லயா, இங்கிலீஷ்லயா?”

“எது வருதோ.”

இருந்த கோவத்துல இங்கிலீஷ்தான் வந்துச்சு. சண்டைக்கு நிக்கிற மாதிரிதான் ஆரம்பிச்சா.

நிலக்கோட்டப் பக்கம் மல்லி பறிக்கப் போன பொம்பள. செடிக்குள்ள பாம்பு கடிச்சிருச்சு. விஷமுறிவு மருந்து ஏறிக்கிட்டிருக்கும்போதே மூச்சு நின்னுபோச்சு. மூச்சு குடுக்குற மெஷின் ரெண்டு, ரெண்டுலயும் ஆளு. சரின்னு ரப்பர் பைய மாட்டி, கையாலயே அமுக்க ஆரம்பிச்சா அமலோற்பவம். ‘ஐ பிரஸ், ஐ பிரஸ், ஃபோர் ஹவர் ஐ பிரஸ்.’ கட்டிலுக்கடியில ‘டூ சில்ட்ரன்ஸ்’. ஆத்தா சேல நுனியப் புடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு அமுக்குக்கும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுதுங்க. நூறுக்கு மேல அதுங்களுக்குத் தெரியாது. திரும்ப ஒண்ணுலேருந்து எண்ணும். அடுத்த நர்ஸ் வந்து கைய மாத்திக் குடுன்னா. குடுக்கல. குடுத்தா அந்தக் கணக்கு நின்னுபோயிருமோன்னு பயம்.

நேத்து நடந்தது, இப்ப நடக்குறது, நாளைக்கு நடக்கப்போறது எல்லாம் ஒண்ணாக் கலந்து கொட்டுச்சு. மிஸ் கையி ரெண்டும் மடியிலயே கெடந்துச்சு.

கடைசியில தமிழுக்கு வந்தா.

“பத்தரைக்குத் தானா மூச்சிழுத்து இருமினா மிஸ். அப்பா, ஒரு இருமல்தான்!”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அஞ்சாம் நாள் நடந்தே பஸ் ஏறிப் போனா. போறப்ப அந்தப் புள்ளைங்க என் வெரல ஒண்ணொண்ணாத் தொட்டுப் பாத்துச்சுங்க. உள்ள என்னமோ வெச்சிருக்கேன்னு நெனச்சிருக்கும்போல.”

மிஸ் துப்பட்டா நுனியால மூஞ்சியத் தொடச்சா.

“மூணு மாசமா வர்றீங்க. இத நான் ஒரு நாள்கூடக் கேக்கலியேக்கா.”

அமலோற்பவம் அவள நல்லா நாலு வார்த்த கேக்கணும்னு திரும்பினா. ஆனா வாயில வந்தது வேற.

“அந்த வெள்ளக்காரம்மா கேட்டாங்க மிஸ். நான்தான் வாசல்லயே நிறுத்திட்டேன்.”