சடையன் கரடியின் சின்ன வயிறு

சடையன் என்ற கரடி, தன் குகைக்குள்ளேயே நுழைய முடியாத அளவுக்குப் பெருத்துப் போயிருந்தது. தலை போகும், தோள் போகும், வயிறு மட்டும் வாசலில் நின்றுவிடும். மனைவி வெள்ளையம்மா உள்ளேயிருந்து இழுக்கும். குட்டிகள் வெளியேயிருந்து தள்ளும். மழை பெய்தாலும் சடையனுக்கு வெளியில்தான் படுக்கை.

பட்டினி கிடந்து பார்த்தது. தித்திக்கும் இலுப்பைப்பூ உதிரத் தொடங்கியதும் விரதம் காற்றில் பறந்தது. மூட்டு வலித்தது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது.

கடைசியில் மரங்கொத்தி வைத்தியரிடம் போய் விழுந்தது. மரங்கொத்தி வயிற்றைத் திறந்தது. தூக்கணாங்குருவி நார் எடுத்துத் தைத்தது. பானை போலிருந்த இரைப்பை கொட்டாங்கச்சி அளவுக்குச் சுருங்கியது.

"இனி கொஞ்சம் கொஞ்சமா மென்னு தின்னணும். அவசரம் ஆகாது. தேன் பக்கமே போகாதே! போனா வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், கண்ணு இருட்டும்!" என்றது மரங்கொத்தி.

"தேன் திங்காத கரடி உண்டா?"

"உண்டு. உசுரோட இருக்கிற கரடி!"

சடையன் இளைத்தது. குகைக்குள் நிமிர்ந்தே நுழைந்தது. ஆனால் தோல் தொங்கியது, முடி கொத்துக் கொத்தாய்க் கொட்டியது. தினமும் மருந்தாக ஒரு கசப்பு வேரை வேறு மெல்ல வேண்டியிருந்தது.

"எப்படி மச்சான் இப்படி இளைச்சே?" என்று கேட்டது அதன் சிநேகிதன் மூக்கையன் என்ற காட்டுப்பன்றி.

"தினமும் மலையைச் சுத்தி ஓடினேன்!" என்று கூசாமல் சொன்னது சடையன்.

"ஏன் இந்தப் பொய்?" என்று வீட்டில் வெள்ளையம்மா கடிந்துகொண்டது.

"வயித்தைத் தைச்சுக்கிட்டேன்னு சொன்னா, குறுக்கு வழியில இளைச்சவன்னு சிரிப்பாங்க!"

மூக்கையன் அந்தப் பொய்யை நம்பி, மறுநாளே மலையைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. காலெல்லாம் முள். தொப்பை மட்டும் அப்படியே இருந்தது.

சில நாளில் மூக்கையன் மகளுக்கு நிச்சய விருந்து வந்தது. பன்றிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி இலையில் மிச்சம் வைத்தால், அவருக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று பொருள்.

மூக்கையன் பெரிய தேக்கிலை போட்டுக் கிழங்கைக் குவித்தது. மேலே தேனை ஊற்றியது.

"போதும் மச்சான்!"

"என்ன போதும்? மலையைச் சுத்தி ஓடுற உடம்பு! தின்னு!"

மாப்பிள்ளையின் தகப்பன் கொம்பையா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. சடையனுக்கு வேறு வழி தெரியவில்லை. அவசர அவசரமாய் விழுங்கியது.

பாதி இலைகூடக் காலியாகவில்லை. உடம்பெல்லாம் வேர்த்தது. நெஞ்சு படபடத்தது. சடையன் தொப்பென்று சாய்ந்தது.

"விஷம்!" என்று அலறியது கொம்பையா. "எழுந்திருங்கடா எல்லாரும்! இந்தச் சம்பந்தமே வேண்டாம்!"

மணப்பெண் ஓவென்று அழுதது. "ஐயோ, நான் ஒண்ணுமே கலக்கலையே!" என்று மூக்கையன் கெஞ்சியது.

படுத்தபடியே சடையன் எல்லாவற்றையும் கேட்டது. வாய் திறந்தால் தன் மானம் போகும். திறக்காவிட்டால் அந்தப் பெண்ணின் கல்யாணம் போகும்.

"நில்லுங்க!" என்று முக்கி எழுந்து உட்கார்ந்தது. "விஷம் இல்லை! மலையும் இல்லை, ஓட்டமும் இல்லை! வைத்தியர்கிட்ட வயித்தைச் சுருக்கித் தைச்சுக்கிட்டேன். தேன் எனக்கு ஆகாது. மறைச்சது என் தப்பு!"

வயிற்று முடியை விலக்கித் தையல் தழும்பைக் காட்டியது. கொம்பையா குனிந்து மோந்து பார்த்தது. திரும்பப் போய் உட்கார்ந்தது.

மூக்கையன் தன் கால்களைப் பார்த்தது. "அடப்பாவி! அப்போ நான் முள்ளு மிதிச்சதெல்லாம்?"

விருந்தே குலுங்கிச் சிரித்தது.

"மன்னிச்சுக்கோ மச்சான். குறுக்கு வழின்னு சிரிப்பீங்கன்னுதான் சொல்லலை."

"தேனை விட்ட கரடியைப் பார்த்தா யாருக்குச் சிரிப்பு வரும்? முன்னமே சொல்லியிருந்தா உனக்குன்னு தனியா வச்சிருப்பேனே!" என்ற மூக்கையன், தேக்கிலையை எடுத்துவிட்டு ஒரு பூவரச இலை போட்டது. அதில் தேன் படாத ஒரே ஒரு கிழங்குத் துண்டை வைத்தது.

சடையன் அதை மென்றது, மென்றது, மென்றுகொண்டே இருந்தது. கடைசி வாய் இறங்கும்வரை இரு வீட்டாரும் பொறுமையாகக் காத்திருந்து, பிறகு வெற்றிலை மாற்றினார்கள்.

எல்லோரும் கலைந்ததும் மூக்கையன் காதோரம் வந்து கேட்டது: "தைக்கும்போது ரொம்ப வலிக்குமா மச்சான்?"

"அந்த வலி ஆறிடும். வாய் கேட்டாலும் வயிறு மாட்டேங்குதே, அதுதான் தினமும் படுற பாடு! இன்னைக்கு நீங்க எல்லாரும் கூட உட்கார்ந்தீங்க, அது பெருசாத் தெரியலை" என்றது சடையன்.

தான் படும் பாட்டை மறைப்பவனுக்கு உயிர் நண்பனாலும் உதவ முடியாது.