நிலாவில் வைத்த துலாபாரம்

முன்னொரு காலத்தில், மழை பொய்த்த ஆண்டிலும் எடை குறையாத மன்னன் ஒருவன் இருந்தான். பெயர் உதாரமாறன். பிறந்தநாளில் அவன் துலாபாரத் தட்டில் அமர்வான்; எதிர்த்தட்டில் அரிசி ஏறும். அவன் எடைக்கு எடை ஒவ்வோர் ஊருக்கும் ஆறு மூட்டை கொடுப்பது அந்நாட்டு வழக்கம். அந்த ஆண்டு வயல்கள் வெடித்துக் கிடந்தன. மக்கள் அந்த ஆறு மூட்டையைத்தான் நம்பியிருந்தார்கள்.

மன்னனுக்கோ கொடுக்க மனமில்லை.

அந்தச் சமயத்தில் வானநூல் அறிஞர் ஒருவர் சபைக்கு வந்தார். "மன்னா, நாம் நிற்கும் கோள் நம்மை இழுக்கும் வலுவே நம் கனம். வியாழனில் தாங்கள் இரண்டரை மடங்கு கனப்பீர்கள்" என்றார்.

மன்னன் முகம் கறுத்தது.

"நிலாவில் இழுப்பு குறைவு. அங்கே ஆறில் ஒரு பங்குதான்."

முகம் மலர்ந்தது.

பிரதானி திருமேனிநாதர் எழுந்தார். மன்னன் மனம் சாயும் பக்கத்தில் முன்கூட்டியே சாய்ந்து நிற்பவர் அவர். "பிரபு, தாங்கள் சந்திர குலம். தங்கள் மெய்யான எடை நிலாவின் எடையே. துலாபார மண்டபத்தை நிலா என்று அறிவித்துவிட்டால் ஊருக்கு ஒரு மூட்டை போதும்."

சபை தலையாட்டியது. விகடகவி நொச்சியப்பன் மட்டும் சிரித்துவிட்டான்.

பிரதானிக்கு அவன்மேல் நெடுநாள் எரிச்சல். "சிரித்தவனே அரிசியை ஏற்றட்டும். தட்டு சமமாக நிற்காவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும். மண்டபம் இனி நிலா. மறுப்பவனுக்குச் சிறை" என்றான் மன்னன்.

பிறந்தநாள் வந்தது. மன்னன் தட்டில் அமர்ந்தான். வெளியே ஊர்மக்கள் வெறும் சாக்குகளோடு நின்றார்கள். நொச்சியப்பன் ஒரு மூட்டையை ஏற்றினான். தட்டு அசையவே இல்லை.

"கிளம்பு, விகடகவி" என்றார் பிரதானி.

"பொறுங்கள் ஐயா. மன்னர் நிலாவில் இருக்கிறார். அரிசி மட்டும் பூமியிலா இருக்கிறது? மூட்டையும் ஆறில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. ஆறு மூட்டை ஏற்றினால்தான் இங்கே ஒரு மூட்டைக் கனம் வரும்."

"பிதற்றுகிறான் பிரபு! மூட்டையின் கனம் எங்காவது குறையுமா?"

"குறையாதா? இது நிலா இல்லை என்கிறீர்களா?"

பிரதானி வாசலில் நின்ற காவலனைப் பார்த்தார். "குறையும், குறையும்" என்றார் அவசரமாக.

"அப்படியானால் மீதி ஐந்து மூட்டையும் சேர்ந்தே ஒரு மூட்டைக் கனம் இராது. தங்கள் தோளுக்குப் பஞ்சு. தாங்களே சுமந்து வந்து வையுங்கள்."

முதல் மூட்டைக்குப் பிரதானி புன்னகைத்தார். இரண்டாவதற்குப் பல்லைக் கடித்தார். மூன்றாவது ஏறியதும் மல்லாந்தார். "ஐயோ, இடுப்பு போச்சு! இறக்குங்கடா பாவிகளா! கனக்குது!"

"மன்னா, பிரதானிக்குக் கனக்கிறதாம். ஒருவேளை இது பூமிதானோ என்னவோ. பூமியானால் ஆறு மூட்டை. நிலாவானாலும் ஆறு மூட்டை. வியாழனுக்கும் போய்ப் பார்க்கலாம். அங்கே தங்களோடு அரிசியும் கனக்கும். அங்கும் ஆறுதான்."

மன்னன் மூட்டைக்கடியில் கிடந்த பிரதானியைப் பார்த்தான். சிரிப்பை அடக்க முயன்றான். முடியவில்லை. அவன் குலுங்கியதில் துலாக்கோலும் குலுங்கியது.

"ஆறையும் ஏற்றுங்கள். எல்லா ஊருக்கும் ஆறு! நொச்சியப்பா, உனக்கு என்ன வேண்டும்?"

"பெரிதாக ஒன்றுமில்லை. நிலாவுக்கே போய் உழைத்த பிரதானியையும் தட்டில் ஏற்றுங்கள். அவர் எடைக்கான அரிசியும் ஒவ்வோர் ஊருக்கும் அவருடைய களஞ்சியத்திலிருந்து வரட்டும்."

பிரதானி ஏழு மூட்டை இருந்தார்.

அன்று ஒவ்வோர் ஊருக்கும் பதின்மூன்று மூட்டை போயிற்று. மன்னன் கண்ணில் நீர் வரச் சிரித்து, கழுத்திலிருந்த கனத்த பொன்மாலையைக் கழற்றி நொச்சியப்பனுக்கு அணிவித்தான். "நீயே வைத்துக்கொள். அடுத்த துலாபாரத்துக்கு இந்த எடையாவது குறையும்."